செங்குத்தான மலைச்சரிவுல சரளை மண்ணு எப்படி நிக்குது?

[திரையில: கடலோர மலை, பனிமூட்டம், ஊசியிலைக் காடு. மழை சத்தம்.]

வணக்கம் மக்களே, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். கடலை ஒட்டி சர்ருனு எழும்பி நிக்குற ஒரு மலை, அது மேல அடர்ந்த காடு, அந்தக் காட்டுத் தரையில ஒரு வாளி தண்ணியை அப்படியே கவுத்துறீங்கன்னு வச்சுக்கோங்க, என்ன ஆகும்? சரிவாச்சே, தண்ணி கடகடன்னு கீழ ஓடிடும்னுதான் தோணும். ஓடாது. நின்ன இடத்துலயே காணாமப் போயிடும், சருகு மட்டும் லேசா நனைஞ்சிருக்கும். அந்த வாளித் தண்ணி எங்க போச்சுன்னு பின்னாடியே போய்ப் பாத்தா இந்த மண்ணைப் பத்தி முக்காவாசி புரிஞ்சிடும், அதைத்தான் இந்த வீடியோல பண்ணப் போறோம்.

நான் எடுத்துக்குற இடம் அமெரிக்காவோட மேற்குக் கரையில இருக்குற ஆரிகன் கடலோர மலைத்தொடர். ஏன் அதுன்னா, இந்த மாதிரி மண்ணை அங்க ரொம்ப வருஷமா நோண்டி நோண்டிப் பாத்திருக்காங்க.

[திரையில: முக்கோணப் படம், சரிவு சதவீதம்.]

முதல்ல "செங்குத்து"ன்னா எவ்வளவு செங்குத்து? மண் சர்வே பண்றவங்க டிகிரியில பேச மாட்டாங்க, சதவீதத்துல பேசுவாங்க. படுக்கையா 100 அடி போறதுக்குள்ள 60 அடி ஏறுச்சுன்னா அது 60 சதவீத சரிவு, டிகிரியில சொன்னா கிட்டத்தட்ட 31. 100 சதவீதம்னா 90 டிகிரின்னு நினைச்சுடாதீங்க, அது 45 டிகிரிதான். இந்த மலைங்கள்ல 60, 70, சில இடத்துல 90 சதவீதம்கூட சாதாரணம். அதாவது கையை ஊணாம ஏற முடியாது.

அடுத்தது "சரளை". நம்ம வாயில சரளைன்னா பொதுவா கல்லும் மண்ணும் கலந்தது, அவ்வளவுதான். ஆனா அமெரிக்க மண் வகைப்பாட்டுல இதுக்குக் கணக்கு இருக்கு. 2 மில்லிமீட்டருக்குக் கீழ இருக்குறதெல்லாம் மண்ணு, 2-லேர்ந்து 75 மில்லிமீட்டர் வரைக்கும் சரளை, அதுக்கு மேல 250 வரைக்கும் உருட்டுக்கல் கணக்கு, அதையும் தாண்டினா பெருங்கல்லு. மொத்தக் கன அளவுல 15 சதவீதத்துக்கு மேல சரளை இருந்தாதான் "சரளை மண்", 35-ஐத் தாண்டினா "மிகுந்த சரளை", 60-ஐத் தாண்டினா அது கிட்டத்தட்ட கல்லுக்குள்ள கொஞ்சம் மண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குற கதை. ஆரிகன் பக்கம் டிக்கர்னு பேர் வச்ச ஒரு மண்ணு இருக்கு, அது இந்த 35-ஐத் தாண்டின ரகம். பக்கத்துலயே போஹானன்னு இன்னொண்ணு, அதுல கல்லு கம்மி. ரெண்டும் ஒரே சரிவுல அடுத்தடுத்து கிடக்கும், பத்து தப்படி நடந்தா மண்ணு மாறிடும்.

இந்தக் கல்லையெல்லாம் கையில எடுத்துப் பாத்தா மூலை மூலையா கூரா இருக்கும், ஆத்துல உருண்டு வந்த கூழாங்கல் மாதிரி வழவழன்னு இருக்காது. ஏன்னா இது எங்கிருந்தும் வரல, காலுக்குக் கீழ இருக்குற பாறைதான் உடைஞ்சு கிடக்கு. அங்க பெரும்பாலும் மணற்கல், கடலடியில படிஞ்சு அப்புறம் மேல தள்ளப்பட்டது. இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும், சரளைன்னாலே பனியாறு கொண்டுவந்து கொட்டினதுன்னு சிலர் நினைக்குறாங்க. வடக்க கனடாவோட கடலோர மலைகள்ல அது சரிதான், அங்க பனியாறு அரைச்சுக் கெட்டியா அமுக்கி வச்ச ஒரு படிவம் அடியில இருக்கும், தண்ணி அதுக்குள்ள சுலபமா இறங்காது. ஆரிகன் கடலோர மலை பனியாறே மூடாத இடம். அங்க கல்லை உடைக்குறது மரந்தான்.

[திரையில: வேரோட சாஞ்ச பெரிய மரம், வேர் பிடியில கல்லு தொங்குது.]

எப்படின்னா, டக்ளஸ் ஃபிர் மாதிரி மரத்தோட வேரு பாறை விரிசலுக்குள்ள நுழையும், வருஷக்கணக்குல பருத்து விரிசலை நெம்பும், ஒருநாள் குளிர்காலப் புயல்ல மரம் சாயும்போது வேரோட சேத்து ஒரு கட்டில் அகலத்துக்கு மண்ணையும் உடைஞ்ச பாறையையும் பேத்துக்கிட்டு எழும்பும். வேரு மக்கினதும் அதெல்லாம் பொலபொலன்னு கீழ் பக்கமா கொட்டும். ஒரு மரம் ஒரு தடவை உழுதா ஒரு அடி கீழ போச்சுன்னு வைங்க, இதையே ஆயிரக்கணக்கான வருஷம் யோசிச்சுப் பாருங்க, மலை முழுக்க ஏர் ஓட்டின மாதிரிதான். போதாக்குறைக்கு மவுண்டன் பீவர்னு ஒரு பிராணி வேற, பேருதான் பீவர், அணை கட்டுற பீவரோட கிட்டின சொந்தம்கூட இல்ல, அது பாட்டுக்கு வளை தோண்டிக்கிட்டே இருக்கும்.

அதனால இந்த மண்ணுல அடுக்கு அடுக்கா சுத்தமா பிரிஞ்சு வளர நேரமே கிடைக்கறதில்ல. மேல கருப்பா இலைமக்கு கலந்த அடுக்கு, கீழ பழுப்பு நிறம், அதுக்கும் கீழ நொறுங்கின பாறை, முடிஞ்சது. பல இடத்துல மொத்த ஆழமே ஒரு மீட்டர்தான், சில இடத்துல அதுகூட இல்ல. மழை சத்தையெல்லாம் கரைச்சுக் கொண்டு போறதால புளிப்புத் தன்மையும் உண்டு.

சரி, நம்ம வாளித் தண்ணிக்கு வருவோம்.

மேல்மண்ணு ரொம்ப லேசு. காய வச்சு ஒரு லிட்டர் அளவுக்கு எடுத்தா ஒரு கிலோகூட தேறாத மண்ணு இங்க நிறைய. வயல் மண்ணு அதே அளவுக்கு 1.3, 1.4 கிலோ வரும். அந்த வித்தியாசத்துல பெரும்பங்கு ஓட்டை. செத்த வேரு விட்டுட்டுப் போன குழாய், பூச்சி போட்ட பொந்து, கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்குற சந்து. மழை எவ்வளவு வலுத்தாலும் இந்த ஓட்டை எல்லாம் அதைவிட வேகமா குடிச்சுடும், அதனாலதான் வருஷத்துக்கு 2000 மில்லிமீட்டர் கொட்டுற இடத்துலகூட காட்டுத் தரை மேல தண்ணி ஓடுறதைப் பாக்கறது அபூர்வம். மேல ஓடலேன்னா அரிப்பும் இல்ல. சருகை வழிச்சுட்டு கனரக வண்டியை ஏத்தி அமுக்கினா மட்டும் இந்தக் கதை தலைகீழாயிடும், ஓட்டை அடைஞ்சு போச்சுன்னா தண்ணி மேலதான் ஓடும், ஓடுற தண்ணி மண்ணையும் கூட்டிட்டுப் போகும்.

உள்ள போன தண்ணி? இதைப் பாக்குறதுக்கு கூஸ் பே ஊருக்குப் பக்கத்துல ஒரு சின்ன மலை மடிப்பை, அதாவது ரெண்டு முகட்டுக்கு நடுவுல இருக்குற பள்ளத்தை எடுத்துக்கிட்டாங்க, வெறும் 860 சதுர மீட்டர், சராசரி சரிவு 43 டிகிரி. 1992-ல அதுமேல தெளிப்பான் வச்சு ஏழு நாள் செயற்கை மழை பெய்ய வச்சாங்க. எனக்கு இந்த ஆராய்ச்சி ரொம்பப் பிடிக்கும், ஏன்னா ஐடியா அவ்வளவு எளிமை, மழையைப் பெய்ய விடு, எங்க வெளிய வருதுன்னு பாரு. தண்ணி மண்ணு மேல ஓடவே இல்ல. மண்ணு வழியா நேரா கீழ இறங்கி, அடியில இருக்குற விரிசல் விட்ட பாறைக்குள்ள போயி, அதுக்குள்ளயே சரிவுல கீழ வந்து, மடிப்போட அடிவாரத்துக்குக் கிட்ட திரும்ப மண்ணுக்குள்ள ஊத்து மாதிரி மேல எழும்புச்சு. பாறைன்னா தண்ணி இறங்காதுன்னு போட்டு வச்ச கணக்கெல்லாம் அங்க மாத்திப் போட வேண்டியதாச்சு.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. வேகமா குடிக்கிற மண்ணு வேகமா விட்டுடும். ஒரு மீட்டர் மண்ணுல பாதி கல்லுன்னா, தண்ணியைப் பிடிச்சு வைக்கிறதுக்கு உண்மையில இருக்குறது அரை மீட்டர் மண்ணுதான் (நல்லா இத்துப்போன மணற்கல்லா இருந்தா அதுவும் கொஞ்சம் உறிஞ்சி வைக்கும், அது தனி). ஆரிகன்ல மழை பூரா குளிர்காலத்துல வந்துடும், ஜூலை ஆகஸ்ட்ல பேருக்குத்தான் தூறும். அதனால 2000 மில்லிமீட்டர் மழை வாங்குற சரிவுல நிக்குற செடி கோடையில தாகத்துல வாடும், கேக்கவே விசித்திரமா இருக்குல்ல? தெற்கு பாத்த சரிவுல இது இன்னும் மோசம், நட்ட கன்னு நிறைய செத்துப்போறதும் அங்கதான். கடலை ஒட்டின பட்டையில மட்டும் மூடுபனி வந்து காப்பாத்துது, சிட்கா ஸ்ப்ரூஸ் மரம் அந்தப் பட்டையை விட்டு அதிகம் உள்ள போகாததுக்கு அதுவும் ஒரு காரணம்.

[திரையில: மணல் குவியல், அது பக்கத்துல அதைவிட செங்குத்தான காட்டுச் சரிவு.]

இப்ப பெரிய கேள்வி. காஞ்ச மணலைக் குவிச்சா 33, 34 டிகிரி வரைக்கும் நிக்கும், அதுக்கு மேல கொட்டினா சரிஞ்சிடும். கூரான கல்லு ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிறதால சரளைக்கு இன்னும் சில டிகிரி கூடும், 40 வரைக்கும்னு வச்சுப்போம். அப்ப 43 டிகிரியில ஒரு மீட்டர் மண்ணு எப்படி நிக்குது?

முக்கியமா வேரு. மண்ணு மெலிசா இருக்குறதால வேரு பக்கவாட்டுல ஓடி அடுத்த மரத்து வேரோட பின்னி ஒரு வலை மாதிரி ஆயிடுது. 2001-ல வந்த ஒரு ஆய்வுல இந்த மலைகள்ல வேரோட பிடியை அளந்திருக்காங்க: மொத்தமா வெட்டின காட்டுல 10 கிலோபாஸ்கலைத் (பிடியோட வலுவைச் சொல்ற அலகு) தாண்டல, இயற்கையான ஊசியிலைக் காட்டுல 25-லேர்ந்து 94 வரைக்கும் போகுது. மரத்தை வெட்டின அன்னைக்கே பிடி போயிடாது, வேரு மக்க சில வருஷம் ஆகும், புதுக் கன்னோட வேரு பிடிக்க அதுக்கும் மேல ஆகும், நடுவுல ஒரு பத்து வருஷம் போல ஒரு ஆபத்தான இடைவெளி.

அப்படியே எல்லா இடமும் சரியாது. முகட்டுல மண்ணு மெலிசு, தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போயிடும். ரெண்டு முகட்டுக்கு நடுவுல இருக்குற மடிப்புதான் சிக்கல், மேலேர்ந்து நகர்ற மண்ணும் கல்லும் அங்கதான் ஆயிரக்கணக்கான வருஷமா சேரும், தண்ணியும் அங்கதான் கூடும். தண்ணி நிரம்பினா அது உள்ளேர்ந்து கல்லையும் மண்ணையும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், உரசல் குறையும், அப்புறம் வேரு மட்டும்தான் மிச்சம்.

முன்னாடி சொன்ன அந்த 860 சதுர மீட்டர் மடிப்பு ஞாபகம் இருக்கா? அதுல 1987-ல மரத்தை மொத்தமா வெட்டிட்டாங்க. 1996 நவம்பர்ல ஒரு பெரும் மழை, அந்த ஆராய்ச்சி மடிப்பே கருவிகளோட சேந்து சேறும் கல்லுமா பொங்கிக் கீழ போயிடுச்சு. ஒன்பது வருஷம். வேரு ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், மழையும் பெருசு, பாறை விரிசல்லேர்ந்து மேல எழும்பின தண்ணியும் இருக்கு, ஆனா அந்த இடைவெளிக்குள்ள சரியா போய் விழுது பாருங்க.

[திரையில: சரிவோட வெறும் பாறைத் தழும்பு, அதுல இளஞ்செடி.]

சரிஞ்ச இடத்துல கொஞ்ச நாள் வெறும் பாறை தெரியும். முதல்ல வர்றது பெரும்பாலும் சிவப்பு ஆல்டர் மரம், அதோட வேர்முடிச்சுல இருக்குற நுண்ணுயிர் காத்துலேர்ந்து நைட்ரஜன் எடுத்துக் கொடுக்கறதால மண்ணே இல்லாத இடத்துலயும் அதால பொழைக்க முடியுது. மேல இருக்குற சரிவுலேர்ந்து மறுபடி ஒவ்வொரு கல்லா அந்தக் குழிக்குள்ள உருள ஆரம்பிக்கும்.

கீழ போன கல்லு? அதுல ஒரு பங்கு ஓடையில போய்ச் சேருது, மரக்கட்டைங்க அதைத் தடுத்து நிறுத்தி வைக்குது. சாமன் மீன் கடல்லேர்ந்து ஏறி வந்து முட்டை போடறதுக்குத் தேடுறது இந்த அளவு சரளையைத்தான், வாலால அடிச்சு அதுல குழி பறிச்சு முட்டையை விட்டு, மேல அதே சரளையைப் போட்டு மூடிட்டுப் போகுது.