ரேபிட் சிட்டியில் ஒரு மரத் தேவாலயம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ரேபிட் சிட்டி என்றொரு ஊர். அங்கே குன்றுகளின் அடிவாரத்தில் நான் பார்த்த ஒரு மரத் தேவாலயத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நார்வேயின் போர்குண்ட் என்ற இடத்தில், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த தேவாலயத்தின் நகல் இது. நார்வேயிலிருந்தே வரைபடங்களை வாங்கி, 1969-இல் கட்டி முடித்தார்கள். ஒரு வானொலி நிகழ்ச்சிக்காகக் கட்டினார்கள் என்பதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். 'லூத்தரன் வெஸ்பர்ஸ்' என்ற பிரசங்க நிகழ்ச்சி அது. ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது மனம் நிறைகிறது.

பைன் மரங்களுக்கு இடையே முதலில் தெரிவது கூரைதான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக ஏறுகிறது. மேலே மீன் செதில் மாதிரி மரத் துண்டுகளை வேய்ந்திருக்கிறார்கள். கூரை முகடுகளில் டிராகன் தலைகள் வாயைத் திறந்து நிற்கின்றன, அவற்றோடு சிலுவைகளும். நார்வே மக்கள் கிறிஸ்தவத்துக்கு மாறிய பிறகும் தச்சர்களின் கை பழைய உருவங்களை மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

உள்ளே போனால் இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது. அப்புறம் தூண்கள் தெரிகின்றன. நார்வே மொழியில் 'ஸ்டாவ்' என்றால் இந்த நிலைத்தூண்தான். இந்த வகைக் கட்டடத்துக்கு 'ஸ்டாவ் தேவாலயம்' என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. இன்னும் பழைய காலத்தில் தூண்களை நேராக மண்ணில் நட்டார்கள். ஈரம் ஏறி அடி இற்றுப்போனது. பிறகு வந்தவர்கள் கல் அடித்தளத்தின்மேல் பெரிய உத்தரங்களைப் படுக்கவைத்து, அவற்றின்மேல் தூண்களை நிறுத்தினார்கள். மரம் மண்ணைத் தொடவில்லை. வெளிப்புறத்தில் தார் பூசிக்கொண்டே வந்தார்கள். போர்குண்ட் 800 ஆண்டுகளுக்கு மேல் நிற்பது இதனால்தான். தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறிபோலக் குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. காற்று தள்ளும்போது சட்டகத்தை இறுக்கிப் பிடிப்பவை அவை.

நகல்தானே என்று சிலர் கேட்கலாம். நார்வேயில் பழைய ஸ்டாவ் தேவாலயங்களில் இன்று மிஞ்சியிருப்பவை 28 மட்டுமே. பெர்கன் நகரின் ஃபான்டாஃப்ட் தேவாலயம் 1992-இல் தீ வைத்து எரிக்கப்பட்டது. 1997-இல் அதே வடிவில் மறுபடியும் எழுந்தது. மரக்கட்டடம் ஒரே இரவில் சாம்பலாகிவிடும். அளவுகளும், அந்த முறையில் மரத்தை இணைக்கத் தெரிந்த கைகளும் இருந்தால்தான் அது திரும்பி வரும். அதனால் ரேபிட் சிட்டித் தேவாலயத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

வெளியே வந்ததும், கட்டடத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தேன். நம் கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோலவே இருந்தது. ஒரு சுற்று போதவில்லை, இன்னொரு சுற்றும் வந்தேன்.