பில் எவன்ஸின் கடைசி ட்ரியோவைக் காதால் பிரித்துக் கேட்பது

அவைக்கு வணக்கம்.

ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1980 செப்டம்பர் 15 அன்று, 51 வயதில், நியூயார்க்கில் காலமானார். அந்த ஜூன் மாதம் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் அவர் வாசித்தது ஆறு குறுந்தட்டுகளாக வந்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை சான் பிரான்சிஸ்கோவின் கீஸ்டோன் கார்னர் கிளப்பில் வாசித்தது, எட்டெட்டுத் தட்டாக இரண்டு பெட்டிகள். இந்தக் கடைசி ட்ரியோவில், அதாவது மூவர் குழுவில், அவரோடு பாஸில் மார்க் ஜான்சன், டிரம்ஸில் ஜோ லபார்பெரா.

இவற்றை மரணப் படுக்கையின் இசை என்று சொல்லியே விற்கிறார்கள். நம்பாதீர்கள். 1961-இல் இதே வான்கார்டில் ஸ்காட் லஃபாரோ (பாஸ்), பால் மோஷியன் (டிரம்ஸ்) இருவரோடும் வாசித்ததைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், 1980-இல்தான் பியானோ ஓங்கி அடிக்கிறது. வேகமும் கூடுகிறது. சில சமயம் பாட்டின் நடுவிலேயே ஓடத் தொடங்கிவிடும். முதல் சுற்றையும் (மெட்டின் அமைப்பு ஒருமுறை முழுதாக ஓடுவது ஒரு சுற்று) கடைசிச் சுற்றையும் விரலால் தட்டிப் பார்த்தால் பிடிபடும். குறைதான், மறைக்க வேண்டியதில்லை.

இடது கையைக் கவனியுங்கள். டி மைனர் செவன்த் என்ற கோர்வை (ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள், 'கார்ட்') வரும் இடத்தில் அவர் அடிச்சுரமான 'டி'யை விட்டுவிட்டு எஃப், ஏ, சி, ஈ என்று பிடிப்பார். அடுத்து ஜி செவன்த். கை இடம் மாறாது. 'சி' மட்டும் அரைச்சுரம் இறங்கி 'பி' ஆகும். எஃப், ஏ, பி, ஈ. அடிச்சுரம் இரண்டிலும் இல்லை. அதைப் போடுவது பாஸ். ஆனால் ஜான்சன் அதையும் விட்டு மேல் தந்தியில் பாடப் போய்விடுவார். அப்போதும் கோர்வை சரிவதில்லை. அடிச்சுரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் பியானோவில் இருப்பதால் காது மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறது.

இதைக் கேட்க ஃபோன் ஸ்பீக்கர் உதவாது. பாஸின் திறந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு தூரம் இறங்காது, மேல் ஒத்திசைகள் மட்டுமே வரும். பாஸ் எங்கே அடிச்சுரத்தை விட்டது என்பதே தெரியாமல் போகும். ஹெட்ஃபோன் போதும்.

தொடங்க 'நார்டிஸ்' நல்லது. ஈ மைனர், ஏ-ஏ-பி-ஏ அமைப்பில் (இங்கே 'ஏ', 'பி' சுரங்கள் அல்ல, மெட்டின் பகுதிகள்) 32 பார், அதாவது 32 தாள அளவுகள். 1958-இல் கேனன்பால் ஆடர்லியின் பதிவில் முதன்முதலாக வந்தபோதே பியானோ இவர்தான். கடைசி ஆண்டுகளில் தாளக்கட்டில்லாத நீண்ட தனிப் பியானோவோடு தொடங்குவார், ஒவ்வொரு இரவும் வேறு மாதிரி. முதன்முறை கேட்பவர் தொலைந்துபோவது இங்கேதான்: மெட்டு எப்போது வரும் என்று காத்திருக்கிறார். காத்திருக்காதீர்கள், மெட்டின் சிறு துண்டுகள் அந்த முன்னுரையிலேயே கிடக்கும். மெட்டை முதலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் அவை தாமாகவே தட்டுப்படும். அப்புறம் மூவரும் சேர்வார்கள், பாஸ் தனித்து வரும், டிரம்ஸ் தனித்து வரும், மெட்டு திரும்பும்.

மொத்தம் இருபத்திரண்டு தட்டு. வரிசையாகக் கேட்டால் சலித்துவிடும், திரும்பத் திரும்ப அதே பாட்டுகள். ஒரு பாட்டை எடுத்து, ஜூன் பதிவையும் செப்டம்பர் பதிவையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். ஒலி தெளிவுக்கு வான்கார்ட் மேல், முதல் பெட்டி வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.