பந்தல்காரர் பேரு என்ன?

நடுவர் ஐயாவுக்கும், முன்வரிசையில் முறுக்கோடும் பின்வரிசையில் முறுக்கு கிடைக்காமலும் உட்கார்ந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம். வணக்கத்துக்கே அரை நிமிஷம் போச்சு, விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பாட்டை நிலைநிறுத்துவது பாடகரா, இசைக்கோப்பாளரா? எங்கள் அணி இசைக்கோப்பாளர் பக்கம், அதாவது ஒருவர் போட்ட மெட்டுக்கு எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதித் தருகிற அரேஞ்சர் பக்கம். நான் கையில் எடுத்திருக்கும் ஆள் அமெரிக்காக்காரர், நெல்சன் ரிடில். 1921-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். டிராம்போன் என்ற நீளப் பித்தளைக் குழல் ஊதினார், டாமி டார்சி பேண்டில் வாசித்தார், பிறகு மற்றவர்கள் ஊதுவதற்கு எழுதிக் கொடுத்தார். ஜாஸ் கூட்டத்துக்கும் வயலின் கூட்டத்துக்கும் சம்பந்தம் பேசி முடித்த தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரணித் தலைவர் அண்ணன், அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் குரலைப் பற்றிப் பத்து நிமிடம் உருகினார். உருகட்டும். போகிற போக்கில் ஒரு கல் எறிந்தார் பாருங்கள்: “கல்யாணத்துக்குப் போறவன் மாப்பிள்ளை யாருன்னு கேப்பான். பந்தல் போட்டவன் பேரு என்னன்னு எவனாவது கேப்பானா?” நீங்களும் கைதட்டிவிட்டீர்கள்.

நடுவர் ஐயா, நான் ஐந்து வாதங்கள் எழுதிக்கொண்டு வந்தேன். மடித்து சட்டைப்பையில் வைத்துவிட்டேன். பந்தலுக்குப் பதில் சொல்லாமல் நான் சாப்பிடப் போக முடியாது.

அண்ணே, பந்தல் ஒழுங்காக நிற்கிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டான். ஒரு கால் சரிந்து பாயச அண்டாவில் விழட்டும். அப்போது மாப்பிள்ளை யாரென்றா கேட்பார்கள்? “எவன்டா பந்தல் போட்டது?” அதுதான் முதல் கேள்வி!

அதைவிடக் கொடுமை, பந்தல் நன்றாக நின்று, பலகையில் வேறொருவர் பெயர் இருப்பது. 1950-ல் நாட் கிங் கோல் பாடிய மோனா லிசா. ஊரெல்லாம் அதே பாட்டு, அந்த ஆண்டு சிறந்த பாடலுக்கான ஆஸ்கரும் அதற்குத்தான். கோப்பு ரிடிலுடையது. ரெக்கார்டு லேபிளில் இருந்ததோ இசைக்குழுத் தலைவர் லெஸ் பேக்ஸ்டரின் பெயர். ஆக, பெயர் கேட்டவனுக்கும் சரியான பெயர் கிடைக்கவில்லை.

சரி, மாப்பிள்ளைக்கே வருகிறேன். 1953 ஏப்ரல் 30. சினாட்ராவின் மார்க்கெட் விழுந்து, பழைய கம்பெனி கைவிட்டு, கேப்பிடல் ரெக்கார்டு கம்பெனிக்கு வந்திருக்கிறார். அவர் எதிர்பார்த்தது பில்லி மே என்ற அரேஞ்சரை. அவரோ பேண்டோடு வெளியூரில். ரெக்கார்டிங் மேடையில் வேறு ஒருவர், நம்ம ரிடில், நிற்கிறார். “யார் இந்த ஆளு?” என்று சினாட்ரா கேட்டதாகத்தான் கதை. அன்றைக்கு 4 பாட்டு. அதில் 2 பாட்டை ரிடில், பில்லி மே எழுதுவதைப் போலவே எழுதினார். லேபிளிலும் மே பெயரே போனது. மற்ற இரண்டும் ரிடில் பாணி. அதில் ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கேட்ட சினாட்ரா, “நான் திரும்ப வந்துட்டேன்!” என்று துள்ளினாராம்.

கவனித்தீர்களா அண்ணே? பந்தல்காரன் பெயரை எவன் கேட்பான் என்றீர்கள். மாப்பிள்ளையே கேட்டார்!

இந்தப் பந்தல் எப்படிப் போடப்படுகிறது என்று கொஞ்சம் பார்ப்போம், சும்மா மூங்கில் ஊன்றுவதல்ல. முதலில் பாடகர் பியானோக்காரரோடு உட்கார்ந்து சுருதி குறிப்பார். அங்கேயே வம்பு. அரை ஸ்வரம் தாழ்த்தினால் தொண்டைக்குச் சுகம், ட்ரம்பெட்டுக்குப் பளபளப்பு போய்விடும். பாடகருக்கு ஒரு தொண்டை. அரேஞ்சருக்கு முப்பது தொண்டை.

வழக்கமான பெரிய பேண்டில் சாக்ஸபோன் 5, ட்ரம்பெட் 4, டிராம்போன் 4, பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் சேர்த்தால் 17 பேர். ரிடில் அதன்மேல் வயலின், வயோலா, செல்லோ என்று ஒரு கூட்டத்தை ஏற்றுவார். சாக்ஸபோன்காரர்களையும் சும்மா விடமாட்டார், நடுவில் அதைக் கீழே வைத்துவிட்டுப் புல்லாங்குழலையும் கிளாரினெட்டையும் எடுக்கச் சொல்வார். எடுத்து வாயில் வைக்க நாலு பார், அதாவது நாலு தாளக்கட்டு ஓய்வாவது தாளில் எழுதியிருக்க வேண்டும். மறந்தால்? மடியில் இரண்டு வாத்தியம், வாயில் ஒன்றுமில்லை.

எல்லோருக்கும் ஒரே தாளும் கிடையாது, வாத்தியத்துக்கு வாத்தியம் சுருதி வேறு. காதுக்கு ‘ஸி’ ஸ்வரம் கேட்க வேண்டுமென்றால் ட்ரம்பெட் தாளில் ‘டி’ எழுத வேண்டும், ஆல்டோ சாக்ஸ் தாளில் ‘ஏ’ எழுத வேண்டும். முழு ஸ்கோரிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தாள் பிரித்து எழுதுவது காப்பியிஸ்ட் வேலை. ஸ்வரத்தை அரைப்படி இறக்கும் ஒரு ஃப்ளாட் குறியை அவர் விட்டார் என்றால், ஒருவர் மட்டும் நடுவழியில் வேறு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். வாத்தியக்காரர் யூனியன் கணக்கில் ஒரு ரெக்கார்டிங் செஷன் 3 மணி நேரம். தாண்டினால் அத்தனை பேருக்கும் கூடுதல் கூலி. தொலைந்த ஒரு ஃப்ளாட்டைத் தேட 10 நிமிடம் ஆனால், அது 10 நிமிடம் இல்லை. பத்தை முப்பதால் பெருக்குங்கள்.

ரிடில் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம் இரண்டுதான். பாட்டின் உச்சி எது என்று முதலில் கண்டுபிடி, எழுதுவதெல்லாம் அதை நோக்கி ஏறட்டும். பாடகர் நடக்கும்போது வழியை விடு. அவர் நிற்கும்போது சட்டென்று உள்ளே நுழை. கேட்க எளிது. பாடகரின் குரல் இருக்கிற உயரத்திலேயே டிராம்போனை எழுதிப் பாருங்கள், சொல் ஒன்றும் புரியாது. பாடகர் கத்த ஆரம்பிப்பார். அப்புறம் எதிரணி அண்ணன் உருகுகிற குரல் எங்கே இருக்கும்?

இப்போது அந்தக் கதை. தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி உட்காருங்கள்.

1956 ஜனவரி 12. லாஸ் ஏஞ்சல்ஸ், மெல்ரோஸ் அவென்யூ ஸ்டூடியோ. கோல் போர்ட்டர் 1936-ல் எழுதிய பாட்டு, ஐ’வ் காட் யூ அண்டர் மை ஸ்கின். சினாட்ராவின் ரெக்கார்டுக்கு இன்னும் பாட்டு வேண்டும் என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார்கள். ரிடில் இரவெல்லாம் எழுதுகிறார், முடியவில்லை. மனைவி காரை ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வருகிறார். ஸ்டூடியோவில் காப்பியிஸ்டுகள் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். சாதாரணப் பாட்டு 32 பார். இது 56 பார். காரில், குலுங்கலில், 56 பார்!

என்ன எழுதினார்? கீழ்ஸ்தாயியில், சீவாளி வைத்த ஒரு ரீட் வாத்தியம் மெதுவாகச் சுழல ஆரம்பிக்கிறது. சினாட்ரா பாடுகிறார். பாடி முடித்து நிற்கிறார். அங்கே நுழைகிறார் ரிடில். பாஸ் ஒரே ஸ்வரத்தில் காலை ஊன்றி நிற்க, டிராம்போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் வேறு தாளத்தட்டில் வந்து சேர்கின்றன. மேலே ஸ்ட்ரிங்ஸ் என்ற வயலின் கூட்டம். அதற்கு மேலே ட்ரம்பெட். ராவெல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் பொலேரோ மாதிரி ஏறி ஏறி, இனி ஏற இடமில்லை என்னும்போது மில்ட் பெர்ன்ஹார்ட் என்ற டிராம்போன்காரர் வெடிக்க வேண்டும். அந்த இடத்துக்கு மட்டும் ஸ்வரம் எழுதித் தரவில்லை, அவர் சொந்தச் சரக்கு. ஒருமுறை வாசித்துப் பார்த்ததும் வாத்தியக்காரர்கள் எழுந்து ரிடிலுக்குக் கைதட்டினார்கள். கூலிக்கு வந்தவர்கள் ஐயா, அவ்வளவு சுலபமாகக் கைதட்ட மாட்டார்கள்!

ஆனால் டேக் ஓகே ஆகவில்லை. ஐந்து, எட்டு, பத்து. பெர்ன்ஹார்ட் நல்ல சரக்கையெல்லாம் முதல் சில டேக்கிலேயே ஊதித் தீர்த்துவிட்டார். டிராம்போனில் மேல்ஸ்தாயியில் பலமாக ஊதினால் உதடு தளரும். தளர்ந்த உதட்டில் ஸ்வரம் உடையும். அப்போது கண்ணாடி அறையிலிருந்து ஒரு குரல்: டிராம்போன் மைக்குக்குக் கிட்ட வர முடியுமா? அப்போதெல்லாம் பிறகு டிராக்கைத் தனியாக ஏற்றி இறக்குகிற வசதி இல்லை. சத்தம் கூட வேண்டுமானால் ஆள்தான் நகர வேண்டும். பித்தளை வாத்தியங்களுக்கான மைக்கோ மேலே தொங்குகிறது. பெர்ன்ஹார்ட்டுக்கு எட்டவில்லை. ஏறி நிற்க ஒரு பெட்டி வேண்டும்.

யார் போய்ப் பெட்டி எடுத்து வந்தார்?

ஆபீஸ் பையனா? இல்லை. யூனியன் ஆளா? இல்லை. சினாட்ரா! அமெரிக்காவே கொண்டாடிய ஃபிராங்க் சினாட்ரா, தானே போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து டிராம்போன்காரர் காலடியில் வைத்தார். அந்த டிராம்போன்காரரே சொன்ன கதை இது.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தரம் சொல்கிறேன். பாடகர்தான் எல்லாம் என்று அண்ணன் உருகினாரே, அந்தப் பாடகர், பந்தல்காரருக்குக் கூட இல்லை, பந்தல்காரரிடம் கூலிக்கு வந்தவருக்குப் பெட்டி சுமந்தார். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூங்கில் ஊன்றுகிறவருக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏன்? தாலி கட்டும் நேரத்தில் கூரை எங்கே இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். மாப்பிள்ளையின் நண்பர்களுக்குத்தான் தெரியவில்லை!

22-வது டேக்கில் ஓகே. மூன்றே முக்கால் நிமிடம் கூட இல்லாத பாட்டு. இன்றைக்கும் எங்கே ஒலித்தாலும், பாடகர் வாயை மூடி நிற்கிற அந்த இடத்தில்தான் கேட்கிறவன் ரோமம் சிலிர்க்கிறது. அண்ணே, சிலிர்க்கும்போது உங்கள் பாடகர் பாடவே இல்லை.

மணி அடிக்கிறது. ரிடில் ஆஸ்கர் வாங்கினார், 1974-ல் வந்த தி கிரேட் கேட்ஸ்பி படத்துக்கு. 1966-ல் டிவி பேட்மேனுக்கு அடிதடி நேரத்து இசையும் எழுதினார், அதுவும் பிழைப்புதான். ஏனென்றால், கோப்பு எழுதினால் ஒருமுறை கூலி, அவ்வளவே. ரெக்கார்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அரேஞ்சருக்கு ராயல்டி வராது. இதில் சொல்ல நிறைய இருக்கிறது, விடுகிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

1958. ரிடிலின் அம்மா இறந்துவிட்டார். கைக்குழந்தையாக இருந்த மகளும் இறந்துவிட்டாள். அந்த மாதங்களில்தான் ரிடில், ஒன்லி தி லோன்லி என்ற சினாட்ராவின் சோகப் பாட்டு ரெக்கார்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் துக்கம்தான் அதில் இறங்கியிருக்குமோ என்று பின்னாளில் அவரே சொன்னார். கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ராவை உட்கார வைத்துவிட்டு, பில் மில்லரின் பியானோவை மட்டும் முன்னால் விட்டிருப்பார். ஸ்ட்ரிங்ஸ் தூரத்தில், அடுத்த வீட்டில் யாரோ விளக்கு ஏற்றின மாதிரி. எழுதத் தெரிந்தவன் எழுதாமல் விட்ட இடம் அது.

அதே ரெக்கார்டுக்காக லஷ் லைஃப் என்று ஒரு பாட்டு. சினாட்ரா பாடிப் பார்த்தார், தடுக்கியது, மறுபடி பாடினார், தடுக்கியது, வேண்டாம் என்று விட்டுவிட்டார். ரிடில் எழுதின தாள் அப்படியே நின்றுபோனது.

காலம் போனது. ராக் வந்தது, வயலின் கூட்டத்தைக் கூப்பிடுகிறவர் குறைந்தார்கள். பிறகு லிண்டா ரான்ஸ்டாட் என்ற ராக் பாடகி வந்து, எனக்குச் சில பாட்டு எழுதித் தருவீர்களா என்று கேட்டார். சில பாட்டெல்லாம் முடியாது, முழு ரெக்கார்டு என்றால் வருகிறேன் என்றார் ரிடில். வேலையில்லாத நேரத்திலும் அந்த மிடுக்கு! 1983-ல் வாட்ஸ் நியூ வந்தது. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. அடுத்த ஆண்டு இரண்டாவது ரெக்கார்டு. அதன் பெயர் என்ன தெரியுமா ஐயா? லஷ் லைஃப். 26 ஆண்டுக்கு முன் பாதியில் நின்ற அதே பாட்டின் பெயர். அதற்கு கிராமியும் வந்தது, ஆனால் வந்தபோது வாங்க அவர் இல்லை.

1985 அக்டோபர் 6. வயது 64. மூன்றாவது ரெக்கார்டு முடியவில்லை, மனிதர் போய்விட்டார்.

மிச்சமிருந்த சில பாட்டுக்கு வேறொருவர் நின்று குச்சி அசைத்தார். வயலின் வரிசையில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட். பக்கம் முடியும்போது உள்பக்கம் இருப்பவர் வில்லை நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்புவார். வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிப்பார். அப்படித்தான் அன்றைக்கும் திருப்பித் திருப்பி வாசித்திருப்பார்கள், எழுதினவர் இல்லாமல்.

அந்த மூன்று ரெக்கார்டின் அட்டையிலும் பாடகி பெயரோடு இன்னொரு பெயர் அச்சாகியிருக்கிறது. அண்ணே, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பந்தல்காரர் பேரு.

வணக்கம்.