கொள்ளுத்தாத்தா என்ன வேலை செய்தார்?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பதிவுத் துறையில் நகல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்திரம் பதிவானதும் அதைச் சொல்லுக்குச் சொல் பார்த்துப் பெரிய புத்தகத்தில் கையால் எழுதிவைப்பதுதான் எங்கள் வேலை. இன்று அதெல்லாம் கணினிக்குள் போய்விட்டது. ஆனால் பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, என்னைப் போன்ற கிழவர்களின் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு கேள்விதான் இருக்கும். "எங்கள் கொள்ளுத்தாத்தா என்ன தொழில் செய்தார்? பழைய மக்கள்தொகைக் கணக்கில் பார்த்துச் சொல்ல முடியுமா?"

முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1841 முதல் 1921 வரை எடுத்த கணக்குகளில் வீடு வீடாக ஆளின் பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் இன்று எவரும் பார்க்கலாம். நூறு ஆண்டு கழிந்ததும் திறந்துவிடுகிறார்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கு மட்டும் 1942இல் தீயில் எரிந்துபோயிற்று. நம் நாட்டுக் கதை வேறு. 1881 பிப்ரவரி 17ஆம் தேதி இரவு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கணக்கெடுத்தார்கள். அதன்பின் பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்தார்கள். ஆனால் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டதும், ஆள்வாரியாக எழுதிய தாள்களை அழித்துவிட்டார்கள். சேலம் ஜில்லாவில் நெசவாளர் எத்தனை பேர் என்று அச்சடித்த அறிக்கையில் கிடைக்கும். அவர்களில் உங்கள் கொள்ளுத்தாத்தா யார் என்று கிடைக்காது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனி ஆளின் விவரம் யாருக்கும் காட்டப்படுவதும் இல்லை.

அதற்காக அந்த அறிக்கைகளை ஒதுக்கிவிடாதீர்கள். கணக்கெடுப்பவருக்குக் கொடுத்த கட்டளைகள் சுவையானவை. "உத்தியோகம்", "கூலி" என்று மொட்டையாக எழுதாதே, எங்கே உத்தியோகம், என்ன கூலி என்று கேட்டு எழுது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். 1901இலும் 1911இலும் தொழிலுக்கே மூன்று கட்டங்கள் இருந்தன: முதன்மைத் தொழில், துணைத் தொழில், சொந்தமாகச் சம்பாதிக்காதவர் என்றால் யாருடைய தொழிலில் பிழைக்கிறார் என்பது. அந்த மூன்றாவது கட்டத்துக்குள்தான் வீட்டுப் பெண்களில் பாதிப் பேரைத் தள்ளிவிட்டார்கள். நம் சேலத்து அம்மாபேட்டையில் விடிந்ததிலிருந்து தார் சுற்றிக்கொடுத்த, அதாவது தறிக்குக் குழலில் நூல் சுற்றிக்கொடுத்த பெண், கணக்கில் கணவனின் தொழிலில் பிழைக்கிறவள்! அவள் கை நின்றால் அவன் தறி நிற்கும். இதை எந்த அட்டவணையும் சொல்லாது.

சரி, ஆள்வாரியாகத் தொழில் எங்கே கிடைக்கும்? பத்திரத்தில். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவே சொல்கிறது: ஆவணத்தில் வரும் ஆளை அடையாளம் காட்ட அவர் குடியிருக்கும் இடம், தொழில், பட்டம், தந்தை பெயர் வேண்டும். தாயின் பெயரால் அறியப்படுகிறவர் என்றால் தாயின் பெயர் போதும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. ஆகவேதான் நம் பழைய கிரயப் பத்திரங்களில் பெயருக்குப் பின்னால் "பயிர்த்தொழில் ஜீவனம்", "வியாபார ஜீவனம்", "நெசவு ஜீவனம்" என்று வரும். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியைப் படிப்பதில்தான் தகராறு.

வானொலியில் எழுத்தைக் காட்ட முடியாது. முடிந்தவர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கையெழுத்தில் பலர் புள்ளி வைக்க மாட்டார்கள். "ர" என்ற எழுத்தும், "கா", "பா" ஆகியவற்றில் வரும் காலும் ஒரே கோடாக இருக்கும். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதும் எழுதியவர் மனத்துக்கே வெளிச்சம். இப்போது "பாவு" என்று எழுதிப் பாருங்கள். நெசவில் நீளவாட்டு நூல். காலை "ர" என்று படித்தால் "பரவு". "தரகு" என்று எழுதுங்கள், அது "தாகு" ஆகிவிடும். நம் சேலத்தில் "கரடு" உண்டு, "காடு" உண்டு. இரண்டும் பத்திரத்தில் நிலத்தைச் சொல்லும் சொற்கள். ஒன்று கற்குன்று, இன்னொன்று மானாவாரி நிலம். இதைத் தப்பாகப் படித்துவிட்டுப் பங்காளிகள் சண்டைக்கு நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

சேலத்தின் குகைப் பகுதியிலிருந்து ஒரு குடும்பத்தார் ஒரு நகலைக் கொண்டுவந்தார்கள். விற்றவரின் தொழில் "பரவு தோயல்" என்று அவர்கள் படித்திருந்தார்கள். கடலோரத்தில் பரவர் உண்டே, அங்கிருந்து வந்தவர்களோ என்று ஒரு பெரிய கதையே கட்டியிருந்தார்கள். அது "பாவு தோயல்". நூலுக்குக் கஞ்சி போடும் வேலை. பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து ஆற்றுவதற்கு ஊர்ப் பொதுவில் விட்டுவைத்த வெளியைத்தான் பாவடி என்கிறோம். சேலத்தில் பாவடி என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. கஞ்சி போட்டவர்கள் இருந்த தெருவில் இருந்துகொண்டே கடலுக்குப் போய்விட்டார்கள். அதே பத்திரத்தில் இரண்டு வரி கீழே "வயது ௪௰" என்று தமிழ் எண்ணில் நாற்பது எழுதியிருந்தது. அதைச் "சய" என்று படித்து, அவருக்குச் சயரோகம் என்றும் முடிவு கட்டியிருந்தார்கள். உயிரோடு நிலம் விற்ற மனிதருக்கு நோயும் சேர்ந்தது!

இன்னொரு பொறி, மேற்படிக் குறி. பழைய குமாஸ்தாக்கள் "மேற்படி" என்பதை ஒரு சுழிப்பில் முடிப்பார்கள். பார்ப்பதற்கு "ஷை" போலவே இருக்கும். வக்கீல் குமாஸ்தாக்கள் அதை "ஷை" என்றே வாயாலும் சொல்லுவார்கள்: ஷை ஊர், ஷையார், ஷை தொழில். இது தெரியாதவர்கள் "ஷையூர்" எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடுவார்கள். குறியைக் கண்டால் மேலே ஏறிப்போக வேண்டும். ஒரு பதிவேட்டுப் பக்கத்தில் பத்துப் பேருக்குக் கீழே வரிசையாக இந்தக் குறி வந்தால், முதல் ஆளின் தொழிலை எழுதிவிட்டு எழுத்தர் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார் என்றும் பொருள் கொள்ளலாம். அப்படிப்பட்ட பக்கத்தை நான் அரை நம்பிக்கையோடுதான் பார்ப்பேன்.

ஆகவே சொல்லைப் படிப்பதற்கு முன் எழுதியவரின் கையைப் படியுங்கள். தெளிவாகத் தெரிகிற சொற்களிலிருந்து அவருடைய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஊர்ப் பெயரும் மாதப் பெயரும் இதற்கு மிகவும் உதவும், ஏனென்றால் அவை என்னவென்று நமக்கு முன்கூட்டியே தெரியும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்களுக்குக் கிடைப்பது மூலப் பத்திரம் அன்று, எங்களைப் போன்ற ஒருவர் பார்த்து எழுதியது. பத்திர எழுத்தர் கேட்டதை எழுதினார், நகல் எழுத்தர் பார்த்ததை எழுதினார். வீட்டுப் பெட்டியில் மூலம் இருந்தால் அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆங்கிலக் கையெழுத்திலும் இதே வழிதான். ஏற்காட்டு மலைமேல் ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்தைப் படம் பிடித்து ஒரு தம்பி கொண்டுவந்தார். இங்கிலாந்தில் 1812இல் வந்த சட்டப்படி அந்தப் படிவத்தில் தந்தையின் தொழிலுக்குத் தனிக் கட்டம் உண்டு. இங்குள்ள பதிவேடுகளும் அந்த வழியிலேயே வந்தவை. கட்டத்தில் "லாயர்" என்று இருப்பதாகவும், மலையிலேயே முதல் வக்கீல் எங்கள் முன்னோர்தான் என்றும் சொன்னார். அடுத்த பதிவில் "சேலம்" என்றும் "செப்டம்பர்" என்றும் அதே கையில் எழுதியிருந்ததைக் காட்டினேன். மேலே வளைத்துக் கீழே சுழித்த அதே முதலெழுத்து. அதே பக்கத்தில் "லூசி" என்ற பெயரின் முதலெழுத்து அடியில் வலப்புறம் நீண்டு போயிருந்தது. ஆக, அது "சாயர்". மரம் அறுப்பவர். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வேறுபாடு.

தம்பியின் முகம் வாடிப்போயிற்று. எனக்கு வாடவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பிறகு, காட்டை வெட்டித் தோட்டம் போடுவதுதான் அங்கே பெரிய வேலை. மரம் அறுப்பவர் இல்லாமல் பங்களாவும் இல்லை, காப்பிக் கிடங்கும் இல்லை. அந்த மலையில் அன்று வக்கீலுக்கு யார் கட்சிக்காரர்? நாம் ஆசைப்படுகிற தொழில் கண்ணில் படும்போதுதான் இரண்டு முறை பார்க்க வேண்டும். முன்னோருக்குப் பதவி உயர்வு கொடுக்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

இதே மலைக் கதையில் இன்னொன்று. எஸ்டேட் கூலிப் பேரேட்டில் "கவாத்து" என்று கண்டுவிட்டுத் தாத்தா போலீஸில் இருந்தார் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். போலீஸ் கவாத்து, அதாவது அணிவகுப்புப் பயிற்சி, வேறு. காப்பிச் செடியின் கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவதற்கும் கவாத்து என்றுதான் பெயர். இன்றும் தோட்டங்களில் அதே சொல்தான். மலைவாழ் மக்களை "மலையாளி" என்று குறித்திருப்பதைப் பார்த்துக் கேரளத்தில் வேர் தேடுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பஸ் ஏறுவதற்கு முன் தடுத்துவிடுவது என் வழக்கம்.

இன்னொரு சிக்கல், ஒரே ஆளுக்கு இரண்டு ஆவணத்தில் இரண்டு தொழில். 1870களின் தொடக்கத்தில் "நெசவு", பத்தாண்டு கழித்து அதே பெயருக்கு, அதே தந்தை பெயருக்குக் "கூலி". இருவர் என்று பிரித்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். நடுவில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1871இல் ஏறத்தாழ இருபது லட்சம் பேர் இருந்த சேலம் ஜில்லாவில் 1881இல் பதினாறு லட்சம் பேர்தான் எஞ்சினார்கள். தறியை விட்டுவிட்டுப் பஞ்ச நிவாரண வேலைக்கு ரோட்டில் கல் உடைக்கப் போனவர் எத்தனை பேரோ! வாயில்லாத காகிதத்தில் அது "கூலி" என்று இரண்டு எழுத்தாக நிற்கிறது. இரண்டு தொழிலையும் எழுதி, இரண்டு ஆண்டையும் பக்கத்தில் போட்டுவையுங்கள்.

சில சொற்கள் காலத்தைக் கேட்டுப் பொருள் தரும். "தார் வேலை" என்று கண்டால் ரோடு போட்டவர் என்று நினைக்காதீர்கள். நெசவுத் தெருவில் அது குழலில் நூல் சுற்றும் வேலை. "வெள்ளைக்கல்" என்று வந்தால், செங்கரடு, கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் சுரங்கமாக இருக்கலாம். "பில்லைச் சேவகர்" என்றால் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், பித்தளை வில்லை அணிந்த பியூன். மணியம், கணக்கு, தலையாரி என்று வந்தால் அது பரம்பரைக் கிராம உத்தியோகம். மணியம், கணக்கு இரண்டையும் 1980இல்தான் அரசு ஒழித்தது. அந்த வேலை எந்த வீட்டில் இருந்தது என்று ஊரில் வயதானவர்கள் இன்னும் விரலை நீட்டிக் காட்டுவார்கள்.

ஊர்ப் பெயர் பற்றியும் ஒன்று. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு எல்லாம் 1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தவைதான். தருமபுரி 1965இல் பிரிந்தது. நாமக்கல்லில் தேடி ஓய்ந்துபோனவர்கள் சேலம் என்ற பெயரில் ஒரு முறை தேடட்டும். 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன முதல் கப்பலில் தொடங்கி, வெளிநாடு போன கூலியாட்களின் பட்டியல்களில் ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதியிருக்கும். அங்கேயும் ஊர்ப் பெயர் வெள்ளைக்காரர் காதில் விழுந்த மாதிரிதான். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.

படம் பிடிக்கும்போது நேராக வெளிச்சம் போடாதீர்கள். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழட்டும், பேனா முனை காகிதத்தில் கீறிய தடம் அப்போதுதான் தெரியும். குடும்பக் குறிப்பில் எழுதும்போது, கண்ணில் கண்ட எழுத்துகளை அப்படியே ஒரு வரியில் எழுதுங்கள், நீங்கள் புரிந்துகொண்டதை அடுத்த வரியில் பென்சிலால் எழுதுங்கள். பின்னால் வருகிற பேரப்பிள்ளை அழித்துத் திருத்தட்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் வெறும் வில்லங்கச் சான்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அதில் ஆவண எண் வரும், எழுதிக்கொடுத்தவர் பெயர் வரும், சர்வே எண் வரும், தொழில் வராது. அந்த எண்ணைக் காட்டி, பத்திரத்தின் முழு நகலுக்கு மனுப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.