பால்கனி ஸ்லாபில் கம்பி ஏன் மேலே இருக்க வேண்டும்?

[திரையில்: சுவரிலிருந்து 1.5 மீட்டர் வெளியே நீளும் பால்கனியின் வெட்டுத்தோற்றம்]

வரைபடத்தில் கம்பியின் விட்டமும் இடைவெளியும் சரியாக இருந்து, தளத்திலும் அதே கம்பிதான் கட்டப்பட்டிருந்தாலும், ஒரு பால்கனி பலவீனமாக அமைந்துவிட முடியும். அதற்குக் காரணம் கம்பியின் அளவு அன்று. கான்கிரீட்டுக்குள் அது எந்த உயரத்தில் படுத்திருக்கிறது என்பதுதான்.

இரண்டு பக்கமும் பீம் தாங்கும் சாதாரண ஸ்லாப், பாரம் ஏறும்போது நடுவில் கீழே தொய்கிறது. அப்போது அடிப்பக்கம் இழுபடுவதால் முதன்மைக் கம்பி அடியில் இருக்க வேண்டும். ஒரே பக்கம் பிடிப்புள்ள பால்கனியிலோ இது தலைகீழாகிறது. நுனி கீழே இறங்க, பிடிமானத்துக்கு அருகில் மேற்பரப்பு இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்குமே தவிர இழுப்பைத் தாங்காது. ஆகவே கம்பி மேலேதான் இருக்க வேண்டும். அதோடு, ஒரே நீளம், ஒரே பாரம் என்றாலும், இரு முனையிலும் எளிதாகத் தாங்கப்பட்ட ஸ்லாபின் நடுவில் வரும் வளைவுத் திருப்புத்திறனை (பாரம் ஸ்லாபை வளைக்க முயலும் அளவு, அதாவது விசை × தூரம்) போல நான்கு மடங்கு பால்கனியின் பிடிமானத்தில் வருகிறது.

[திரையில்: ஒரு மீட்டர் அகலப் பட்டைக்கான கணக்கு]

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்லாபின் தடிமன் 175 மி.மீ. அதன் சொந்த எடை சதுர மீட்டருக்குச் சுமார் 4.4 கிலோநியூட்டன், தரைப்பூச்சுக்கு 1, மனிதர்களும் பொருள்களும் தரும் பாரத்துக்கு 3 என்று எடுத்துக்கொண்டால், கூட்டுத்தொகை ஏறத்தாழ 8.4. 1.5 மீட்டர் நீளத்துக்கு இது பிடிமானத்தில் தரும் திருப்புத்திறன் 9.4 கிலோநியூட்டன் மீட்டர். நுனியில் 1 மீட்டர் உயரம், 100 மி.மீ. தடிமன் கொண்ட ஒரு கைப்பிடிச் சுவர் இருந்தால் அதன் எடை மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். அது மட்டுமே 3 கிலோநியூட்டன் மீட்டரைச் சேர்க்கிறது. மொத்த எடையில் ஏழில் ஒரு பங்குதான் அந்தச் சுவர், ஆனால் திருப்புத்திறனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. கம்பி வலை போட்ட கைப்பிடிக்கு வடிவமைத்த பால்கனியில் பிறகு ஒருவர் செங்கல் சுவர் எழுப்பும்போது பொறியாளர் முகம் சுளிப்பது இதனால்தான்.

ஆக மொத்தம் 12.4. பாதுகாப்புக் காரணி 1.5 ஆல் பெருக்கினால் 18.6 கிலோநியூட்டன் மீட்டரைத் தாங்கும்படி வடிவமைக்க வேண்டும். 500 தரக் கம்பியில் 10 மி.மீ. விட்டத்தை 250 மி.மீ. இடைவெளியில், மேற்பரப்பிலிருந்து 20 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) விட்டு வைத்தால், கம்பியின் மையத்திலிருந்து ஸ்லாபின் அடிப்பரப்பு வரை 150 மி.மீ. கிடைக்கும். இதையே பயனுறு ஆழம் என்கிறோம். 25 தரக் கான்கிரீட்டில் இந்த ஏற்பாட்டின் வலிமை சுமார் 19.6. தேவையைவிடச் சற்றே அதிகம், வடிவமைப்பு நிறைவேறிவிட்டது.

இப்போது கான்கிரீட் போடும் நாள். தொழிலாளர்கள் கம்பி வலையின் மீது நடக்கிறார்கள், கலவைத் தொட்டியை இறக்கி வைக்கிறார்கள், தாங்கு கம்பிகள் போதாததால் மேல்வலை 50 மி.மீ. கீழே அழுந்திவிடுகிறது. கம்பியின் எண்ணிக்கை குறையவில்லை, எடையும் குறையவில்லை. ஆனால் பயனுறு ஆழம் 100 ஆகிவிட்டதால் வலிமை 12.8 ஆகச் சுருங்குகிறது. அன்றாடப் பாரமே 12.4 என்றிருக்கும்போது, நாம் கணக்கில் சேர்த்து வைத்த பாதுகாப்பு முழுவதும் ஒரு மிதியில் கரைந்துவிட்டது என்றே பொருள். தொய்வும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். விரிசல் விட்ட ஸ்லாபின் விறைப்பு ஏறக்குறைய ஆழத்தின் வர்க்கத்துக்கு விகிதமாக இருப்பதே காரணம். அந்த விரிசல் மேற்பரப்பில், மழைநீர் தேங்கும் இடத்தில் விழுவதால், ஈரம் நேரே கம்பியைச் சென்றடையும்.

[திரையில்: நுனி தாழ்ந்த மேல்தளம்]

தொய்வைப் பற்றி ஒரு சிறு விலகல். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1930களில் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ஃபாலிங்வாட்டர் வீட்டின் நீளும் தளங்கள் காலப்போக்கில் ஏறத்தாழ 180 மி.மீ. வரை தாழ்ந்தன. 2002இல் எஃகு வடங்களை இழுத்து இறுக்கி அவற்றை நிலைப்படுத்தினார்கள். மாறாப் பாரத்தின் கீழ் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகத் தளர்ந்து கொடுக்கும் க்ரீப் என்ற இயல்பு இத்தகைய தொய்வைப் பெரிதாக்கும். ஆகவே வலிமை போதும் என்று மட்டும் பார்க்காமல், நீளத்துக்கும் பயனுறு ஆழத்துக்குமான விகிதத்தையும் சரிபார்க்க வேண்டும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456இல் பிடிமானம் ஒரு பக்கமுள்ள ஸ்லாபுக்கான அடிப்படை விகிதம் 7. கம்பியின் அளவைப் பொறுத்து அது திருத்தப்படுகிறது. நம் எடுத்துக்காட்டில் விகிதம் 10, திருத்திய வரம்பும் ஏறக்குறைய அதுவே. எனவே 150 மி.மீ. தடிமனே போதும் என்று சொல்லி ஸ்லாபைக் குறைக்க வழியில்லை.

மேல் கம்பி பிடிமானத்தோடு நின்றுவிடக் கூடாது. உள் ஸ்லாபுக்குள் அது நீண்டு பிடித்துக்கொள்ள வேண்டும். பால்கனி நீளத்தின் ஒன்றரை மடங்கு உள்ளே கொண்டுசெல்வது பரவலான பழக்கம். உள்ளே ஸ்லாபே இல்லாமல் படிக்கட்டு வெட்டோ குழாய்ப் பள்ளமோ இருந்தால், அந்தத் திருப்புத்திறன் முழுவதும் பீமை முறுக்கும். 4 மீட்டர் நீளப் பீமாக இருந்தால், மீட்டருக்கு 18.6 என்ற வடிவமைப்பு அளவின்படி ஒவ்வொரு முனையிலும் சுமார் 37 கிலோநியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். சாதாரணப் பீமுக்கு இட்ட வளையக் கம்பிகள் இதற்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல. முறுக்குக்கெனத் தனியாகக் கணக்கிட்டு, மூடிய வளையங்களும் பக்கக் கம்பிகளும் தர வேண்டும்.

தளத்தில் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மேல்வலையைத் தாங்கும் சேர் கம்பிகளை நெருக்கமாக வைத்து, நடப்பதற்குப் பலகை போட்டு, கான்கிரீட் ஊற்றும்போது ஒருவர் அளவுகோலோடு நின்று, வலை இறங்கிய இடத்தில் உடனே தூக்கிவிட்டால் போதும். கான்கிரீட் உரிய வலிமையை அடைந்த பிறகு முட்டுகளை நுனியிலிருந்து பிடிமானம் நோக்கி எடுக்க வேண்டும். பிடிமானப் பக்கத்தை முதலில் எடுத்தால், நுனி முட்டின் மீது ஸ்லாப் சாய்ந்து, மேல் கம்பி மட்டும் உள்ள பகுதியின் அடிப்பக்கம் இழுபடும்.