பழைய லப்டொப்பும் பாமினி எழுத்தும்

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் என்.சி. வீதிப் பக்கம் சின்னதாக ஒரு லப்டொப் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மைக்குக்கு முன்னால் இருந்து பேசிப் பழக்கமில்லை. ஏதாவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அன்றிலிருந்து கடைக்கு வருகிற பாதிப்பேர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "தம்பி, இதுக்குப் பதினொன்று போடலாமா?"

போன மாதம் வந்த ஐயா விண்டோஸ் பதினொன்றைக் கேட்டார். அவருடைய லப்டொப்பில் ஓடிக்கொண்டிருந்ததோ ஏழு. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஏழில் ஓடக்கூடிய கடைசி குரோம் உலாவி 2023இல் வந்தது, அதன் எண் 109. வங்கிப் பக்கம் திறக்கவில்லை என்ற பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். "அதுக்குள்ள என்ன ஐயா வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். "கல்வெட்டுதான் தம்பி" என்றார். ஒருவர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவாக அடிக்கிற புத்தகத்தைத்தான் இங்கே கல்வெட்டு என்கிறோம். பதினைந்து வருடமாக எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளுக்கு இவர்தான் தட்டச்சு செய்து கொடுக்கிறார். எல்லாம் பாமினி எழுத்தில்.

அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணத்தைச் சொல்கிறேன்.

பாமினி எழுத்தில் தட்டும்போது கணினி உள்ளே தமிழைச் சேமிப்பதில்லை. நீங்கள் 'தமிழ்' என்று அடித்தால் அது வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. 'அம்மா' என்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிக் காட்டுவது பாமினி என்ற சின்னக் கோப்பு ஒன்றுதான். பழைய விண்டோஸைத் துடைத்துப் புதியதைப் போடுகிறபோது அந்த ஒரு கோப்பு போய்விட்டால், பதினைந்து வருடக் கல்வெட்டும் பூனை விசைப்பலகையில் நடந்த மாதிரித்தான் தெரியும். ஆவணம் எதுவும் அழியாது. ஆனால் ஐயாவிடம் அப்படிச் சொன்னால் நம்புவாரா?

எழுத்தையாவது மீட்கலாம். நான் ஒருமுறை மீட்க முடியாததையே தொலைத்திருக்கிறேன். ஒருவருடைய லப்டொப்பில் "டி டிரைவை அப்படியே வச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, சி டிரைவை அழித்துப் புது விண்டோஸ் போட்டேன். அவருடைய மகளின் சாமத்தியவீட்டுப் படங்கள் முழுக்க டெஸ்க்டொப்பில் இருந்தன. டெஸ்க்டொப் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது, டவுன்லோட்ஸும் அப்படித்தான். அவர் என்னைத் திட்டவில்லை. பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இப்போதும் அவரைச் சந்தையில் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் போவேன்.

ஆகவே எந்த விண்டோஸ் என்ற கேள்விக்கு முன்னால், உங்கள் சாமான் எங்கே இருக்கிறது, எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், பிறகு சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கிற ஃபொன்ட்ஸ். அதிலிருந்து பாமினியையும், வேறு என்ன தமிழ் எழுத்துரு பாவித்தீர்களோ அதையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். சில நூறு கிலோபைட்தான் வரும்.

சரி, இனிப் பெட்டிக்கு வருவோம். பதினொன்று எல்லா லப்டொப்பையும் ஏற்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும், பெட்டி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கிற செக்யூர் பூட் வேண்டும், புரொசெசரும் மைக்ரோசொஃப்ட் வைத்திருக்கிற பட்டியலில் இருக்கவேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ. ஸ்டிக்கரில் ஐ5 என்று இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 10210 என்றால் பத்து. ஐயாவுடையது ஐ3, 3110. மூன்றாம் தலைமுறை. பதினொன்றுக்கு வழியில்லை.

அந்தச் சோதனையை ஏமாற்றிப் பதினொன்றைப் போடுகிற வித்தைகளும் உண்டு, எனக்கும் தெரியும். அடுத்தவருடைய பெட்டியில் நான் அதைச் செய்வதில்லை. அப்படிப் போட்டதற்குப் பிறகாலத்தில் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி கொடுப்பதில்லை. உங்களிடம் பத்து இருந்து, பெட்டி பதினொன்றை ஏற்காவிட்டால், அப்டேட் பக்கத்தில் நீடித்த பாதுகாப்புக்குப் பதிந்துகொள்ளலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு அமைப்புகளை இணைத்தால் காசு கேட்காது. 2026 ஒக்டோபர் 13 வரை அது ஓடும்.

ஐயாவின் பெட்டியைக் கழற்றினேன். அவர் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். அடியில் இருந்த ஸ்க்ரூ ஆணிகளில் மூன்று துருப்பிடித்து அசைய மறுத்தன. விசிறிக்குள் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து களிமண் மாதிரி ஒட்டியிருந்தது. ரேம் என்ற நினைவகத் தகட்டின் பொன்னிறப் பற்களில் பச்சைக் களிம்பு. அதற்கு மருந்து எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பர் போதும். மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டினேன். ஹார்ட் டிஸ்கைக் காதில் வைத்துக் கேட்டால் டிக், டிக் என்று பல்லி மாதிரி. நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிற தட்டு, பன்னிரண்டு வருடம் சுற்றியிருக்கிறது. சத்தம் வந்தால் அதற்குப் பிறகு அதை ஓடவிட்டுப் பார்க்கக்கூடாது. முதலில் உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்தேன். அதற்கே ஓர் இரவு போய்விட்டது.

அதன் இடத்தில், சுற்றுகிற தட்டே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டேன், ரேமை நாலிலிருந்து எட்டு ஜிபி ஆக்கினேன். பழைய லப்டொப்புக்குச் செலவழிக்க உங்களிடம் கொஞ்சக் காசுதான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். முன்பு ஐயா பொத்தானை அழுத்திவிட்டுப் பிளேன்டீ போட்டுக் குடித்து முடித்தபிறகுதான் திரை வரும். இப்போது அடுப்பு மூட்டவே நேரம் காணாது. அப்புறம், போர்டில் இருக்கிற சின்ன வட்டப் பற்றரியையும் மாற்றினேன். அது செத்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும், உடனே இணையப் பக்கங்கள் பாதுகாப்பில்லை என்று கத்தும். வைரஸ் என்று நினைத்துப் பயந்து வருகிறவர்கள் பலர். வெறும் மணிக்கூட்டுக் கோளாறு.

இயங்குதளத்துக்கு, விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமான லினக்ஸ் மின்ட் 22. எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, பாரம் குறைந்தது, 2029 வரை திருத்தங்கள் வரும். 64 பிட் புரொசெசர் இருக்கவேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குப் பிடித்தது, பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே எதையும் தொடாது. ஐயாவைப் பக்கத்தில் இருத்தி வைஃபை, சத்தம், அவருடைய பிரிண்டர் மூன்றையும் சோதித்தோம். பிரிண்டர்தான் பலருக்குக் காலை வாரும். அது ஒரு தாளைத் துப்பிய பிறகுதான் நிறுவினேன். அன்று பின்னேரம் கரண்ட் போகுமோ என்ற பயத்தில் யூபிஎஸ்ஸிலும் மாட்டிவைத்தேன், ஏனென்றால் அவருடைய பற்றரி பத்து நிமிடம்கூடத் தாங்காது.

பாமினிக் கோப்பை எழுத்துருக் கோப்புறையில் போட்டு, ஆவணங்களைத் திறக்கிற லிப்ரே ஆபிஸில் ஒரு கல்வெட்டைத் திறந்தேன். முதல் வரியே தேவாரம், ஒரு எழுத்துப் பிசகாமல் நின்றது. ஐயாவின் பேரன் இதையெல்லாம் யுனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கிற முறைக்கு, மாற்றச் சொல்கிறானாம். மாற்றலாம், ஆனால் அவசரம் வேண்டாம். மாற்றிகள் எல்லா ஆங்கில எழுத்தையும் பாமினி என்றே நினைக்கும். பெயருக்குப் பின்னால் இருக்கிற ஆங்கிலப் பட்டமும் தமிழாகி, அர்த்தமில்லாத ஏதோவாக நிற்கும். இறந்தவரின் பட்டத்தில் பிழை விட்டால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? பழையது பாமினியில் கிடக்கட்டும், இனி அடிப்பதை யுனிகோடில் அடியுங்கள் என்றேன்.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒரு கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்காவது எறிய வேண்டாம், அலுமாரியில் வையுங்கள் என்றேன். ஐயா என் மேசையில் கிடந்த பேனையை எடுத்து, உறையின் மேல் இரண்டு சொல் எழுதினார்: ஊர்ச்சனம் உள்ளே.