சருகைக் கூட்டாதீர்கள்

(கோத்தகிரியில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஐயா அவர்களே, இந்த மழையிலும் நேரத்துக்கு வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வனச்சரகர் அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதை மதித்து ஒரு காட்டுப்பூவரசு நாற்றைக் கையில் கொடுத்த செயலாளர் தம்பிக்கு நன்றி. வாடகை வாங்காமல் ஒலிபெருக்கி கட்டிய அண்ணனுக்கும் நன்றி.

நீலகிரிச் சோலைக்கிளியைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அது எப்படிப் பிழைக்கிறது, அதன் சொந்தபந்தம் யார்.

கிளி என்றதும் பச்சைக்கிளியை நினைத்துவிடாதீர்கள். மலையாளத்தில் சிறு பறவைகளையெல்லாம் கிளி என்பார்கள். அந்த வழக்கில் வந்த பெயர் இது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலெல்லாம் கருநீலம், விலாவில் செங்கல் நிறம், நடுவயிறு வெளுப்பு. கால்கள் மட்டும் உடம்புக்கு நீளம். ஏனென்றால் இது தரையில் பிழைக்கிற பறவை. சோலைக்குள் ஓடை ஓரமாக, இருட்டான புதருக்கடியில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும்.

அந்தச் சருகில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் அம்மா அடிக்கடி சொல்வார், "சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்று. எதையும் தூக்கி எறிய விடமாட்டார்.

அம்மாவைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அப்போது நாங்கள் சோலையை ஒட்டிய லைன் வீட்டில் இருந்தோம். அப்பா கொல்லையில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துத்தான் சவரம் செய்வார். ஒரு சித்திரை மாதம், முந்தின நாள் கண்ணாடியை எடுத்து வைக்க மறந்துவிட்டார். விடிந்தும் விடியாததுமாக டொக், டொக் என்று சத்தம். "யாரோ கதவைத் தட்டுகிறார்கள், போய்ப் பார்" என்றார் அம்மா. முன்கதவைத் திறந்தேன், யாரும் இல்லை. படுத்தேன். மறுபடியும் டொக், டொக். கொல்லைக் கதவைத் திறந்தால், இந்த நீலக்குருவி கண்ணாடி முன்னால் நிற்கிறது! கொத்தும், கண்ணாடிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கும், ஆள் இல்லை. முன்னால் வரும், ஆள் இருக்கிறான். மறுபடி கொத்தும். அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கிறார், பக்கத்தில் போக மனம் வரவில்லை. "அவன் சண்டை முடியட்டும், உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அம்மா. கண்ணாடி இல்லாமல் மழித்து, தாடையில் வெட்டிக்கொண்டு வேலைக்குப் போனார் அப்பா. மறுநாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் அம்மா ஒரு தேங்காய்ப்பூத் துண்டை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டார். அது துண்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றது, வாலை ஒரு முறை விரித்து மடக்கியது, தொட்டியிலிருந்து இறங்கிப் போய்ச் சருகைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது. ஓர் இலையை அலகால் பிடித்து, பக்கவாட்டில் வீசி எறிந்துவிட்டு, அடியில் எது ஓடுகிறது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. எனக்கு மூன்றடி தூரத்தில்.

சித்திரை, வைகாசி அதற்குக் கூடு கட்டும் காலம். தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்துத்தான் கண்ணாடியோடு மோதியிருக்கிறது. மண்கரையிலோ மரப்பொந்திலோ பாசியும் மெல்லிய வேரும் வைத்துக் கூடு கட்டும்; பெரும்பாலும் இரண்டே முட்டை. பாசியும் வேர்த்துணுக்கும் நமக்குக் குப்பை. சிறு துரும்பும் பல் குத்த உதவும். அன்றிலிருந்து அம்மா தொட்டி வரைக்கும்தான் கூட்டுவார். அதற்கு அப்பால் விளக்குமாறு போகாது. "அங்கே அவன் சாப்பாடு கிடக்கிறது" என்பார்.

சரி, சொந்தபந்தத்துக்கு வருகிறேன். 1841இல் ஜெர்டன் என்ற ஆங்கிலேயப் பறவை ஆய்வாளர் இதை முதலில் விவரித்ததிலிருந்து, எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று அறிவியலாளர்கள் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2017இல் வி.வி. ராபின், சி.கே. விஷ்ணுதாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்து, இது ஈப்பிடிப்பான் குடும்பத்தில் தனிப் பேரினம் என்று காட்டி, 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். உலகம் முழுவதும் வழங்கும் அறிவியல் பெயருக்குள் நம்முடைய 'சோலை' உட்கார்ந்திருக்கிறது. கைதட்டுங்கள், இது கைதட்ட வேண்டிய இடம்தான்!

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் வயநாட்டிலும் கர்நாடக மலைகள் சிலவற்றிலும் நம்முடைய இனம். கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வெள்ளை வயிற்று இனம். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் இருப்பதை அதே 2017இல்தான் புதிதாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். இடையில் இருக்கும் சூடான தாழ்நிலம் இவற்றுக்குக் கடல் மாதிரி. இன்றைக்கு ஒரு தேயிலைத் தோட்டமும் தைலமரத் தோப்பும் சேர்ந்து அதே கடலை நம் ஊருக்குள்ளேயே உண்டாக்கியிருக்கின்றன. நம்முடைய இனம் உலகப் பட்டியலில் அருகிவரும் நிலையில் இருக்கிறது.

இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது. லாங்வுட் சோலை 116 ஹெக்டேர், 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்துவிட்டது, அதற்குக் காவல் இருக்கிறது. குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் நம் துண்டுச் சோலைக்கு யார் இருக்கிறார்கள்? அழகுபடுத்துகிறோம் என்று ஓர் ஒப்பந்ததாரர் போன மாதம் ஆட்களை விட்டுக் கீழ்ப்புதரை வெட்டி, சருகை வாரிக் கொளுத்தினார். மரத்தைத் தொடவில்லையே என்கிறார். மரம் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தரை எங்கே? பூச்சி எங்கே? மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுக்கு விடுகிற பஞ்சு மாதிரியான மண் எங்கே? வெளியிலிருந்து வந்து பரவிய சீகை மரத்தை, அதாவது வாட்டிலை, எடுங்கள், உன்னிச்செடியைப் பிடுங்குங்கள், நானும் கூட வருகிறேன். சோலையின் சொந்தப் புதரையும் சருகையும் விட்டுவிடுங்கள். சிமெண்டு நடைபாதையைச் சோலைக்கு வெளியே, சாலையோரமாகப் போடலாம். இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். மன்றத் தலைவர் அம்மா அவர்கள் மனது வைத்தால் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்றால், அந்தத் துரும்பைக் கிடக்கிற இடத்தில் கிடக்க விட வேண்டும் அல்லவா?

மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம், தேநீர்க் குவளைகளுக்குப் பக்கத்தில். பேனா கட்டி வைத்திருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் தெருப் பெயரையும் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனித்தாள் இருக்கிறது. நன்றி, வணக்கம்.